புழு தின்பது குப்பையை அல்ல

மண்புழுத் தொட்டியில் வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் ஆவலோடு திறந்து பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். போட்ட இடத்தில் போட்டபடியே கிடக்கும். இரண்டாம் நாளும் அப்படித்தான். தோல் கறுத்து, வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து, தொட்டால் கொழகொழவென்று ஆன பிறகுதான் அதன் அடியில் புழுக்கள் கும்பலாகக் கூடியிருக்கும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இதைப் பார்த்துவிட்டு, "புதுசா கொடுத்தா திங்காதாப்பா? ஊசிப்போனதுதான் அதுக்குப் புடிக்குமா?" என்று கேட்டார். பலபேர் கேட்க மறந்த கேள்வி அது. மண்புழு உரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதற்கான பதிலிலேயே இருக்கிறது.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. தாடையும் கிடையாது. கத்தரிக்காய்க் காம்பையோ முருங்கை ஈர்க்கையோ கடித்துத் தின்ன அதனால் முடியாது. அது செய்வதெல்லாம் வாயால் உறிஞ்சி விழுங்குவதுதான். அப்படி விழுங்குவதற்கு ஏற்றபடி கழிவைக் குழைத்துக் கொடுப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அதோடு, புழுவுக்கு ஊட்டம் பெருமளவு கிடைப்பதும் அந்த நுண்ணுயிர்களிடம் இருந்துதான். காய்கறித் தோல் தட்டு. அதன்மேல் வளர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம்தான் சோறு. நாமும் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்தவுடனேயே இட்லி ஊற்றுவதில்லை. மாவு பொங்கட்டும் என்று ஓர் இரவு காத்திருக்கிறோம். புழுவும் அப்படித்தான் காத்திருக்கிறது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ புளிக்க வைக்கிறதுக்குத்தான் நாம போடுறோம்" என்றார். இதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லிவிட முடியாது.

விழுங்கியது நேராக அரைவைப்பைக்குப் போகிறது. தசை தடித்த சின்னப் பை அது. புழு கூடவே விழுங்கிய மணல் துகள்கள் அங்கே அம்மிக் குழவியின் வேலையைச் செய்கின்றன. கோழியின் இரைப்பையில் சின்னக் கல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதே ஏற்பாடு. அதனால்தான் புதிதாகத் தொட்டி போடும்போது ஒரு கை தோட்டத்து மண்ணைத் தூவச் சொல்கிறார்கள். அரைபட்டது நீண்ட குடலுக்குள் போகும்போது புழு அதில் ஈரத்தையும் சளியையும் சேர்க்கிறது. சுகமான இடமும் தீனியும் கிடைத்ததும் உறங்கிக் கிடந்த பாக்டீரியாக்கள் விழித்துப் பெருகுகின்றன. புழுவால் தனியாகச் செரிக்க முடியாததை அவை உடைக்கின்றன. உடைந்ததில் ஒரு பங்கைப் புழு உறிஞ்சிக்கொள்கிறது. மீதி வெளியே வந்து விழும்போது காப்பித்தூள் மாதிரி, மழைக்குப் பிந்திய மண் வாசனையோடு, பொலபொலவென்று இருக்கிறது. அதில் நுண்ணுயிர்கள் செத்துவிடவில்லை. உண்ட சோற்றில் இருந்ததைவிடச் சில வகைகள் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இந்தப் பிராணியின் மேல் உலகத்துக்கு மரியாதை வந்த கதை நீளமானது. 1837இல், பரிணாமக் கொள்கையை வெளியிடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பு, சார்லஸ் டார்வின் லண்டன் புவியியல் கழகத்தில் மண்புழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மாமா வீட்டு வயலில் சில ஆண்டுகளுக்கு முன் மேலே தூவிய சாம்பலும் சுண்ணாம்பும் இப்போது தரைக்குள் இறங்கியிருந்தன. இறங்கவில்லை, புழுக்கள் அடிமண்ணை மேலே கொண்டுவந்து கொட்டிக் கொட்டி மூடிவிட்டன என்பதே அவருடைய வாதம். அதோடு அவர் விட்டுவிடவில்லை. 1842இல் தன் வீட்டருகே ஒரு நிலத்தில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பி, 29 ஆண்டுகள் பொறுத்திருந்து, 1871இல் தோண்டிப் பார்த்தார். ஏழு அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாக இருந்தன. புழுத் தொட்டிகளைப் பியானோமேல் வைத்து வாசித்தும் சோதித்தார். சத்தத்தை அவை கண்டுகொள்ளவில்லை. அதிர்வு மண்ணுக்குள் போனதும் குழிக்குள் ஓடின. எல்லாவற்றையும் திரட்டி 1881இல் மண்புழுவைப் பற்றிய புத்தகமாக வெளியிட்டார். அதுதான் அவருடைய கடைசிப் புத்தகம்; அடுத்த ஆண்டு காலமானார்.

அந்தப் புத்தகம் வெளிவந்து பத்தாண்டு கழித்து, 1891இல், திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். தமிழ்த்தாய் வாழ்த்து எங்கிருந்து வந்ததோ அந்த நூல். அதில் ஒரு பாத்திரம் வயல்வெளியில் நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து வியந்து பேசும் இடம் ஒன்று உண்டு. மண்ணைத் தின்று, மண்ணை மெதுவாக்கி, உழவனுக்கு முன்னே உழும் அந்த உயிரைத் தமிழில் அதற்குமுன் அப்படி நிறுத்திப் பேசியவர் யாரும் என் வாசிப்பில் இல்லை. நாங்கூழ் என்ற அழகான சொல்லை நாம் கைவிட்டுவிட்டோம் என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உரமூட்டையில் 'வெர்மி' என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போது அது கொஞ்சம் கூடும்.

சரி, தொட்டிக்கு வருவோம். என் முதல் தொட்டி ஒரு சித்திரை மாதத்தில் தொடங்கி அதே சித்திரையில் முடிந்தது. வைகை அணைப் பக்கத்தில் சித்திரை என்றால் பாறை சுடும். அணைக்கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். பழைய பிளாஸ்டிக் தொட்டியில் அன்று காலையில் போட்ட பச்சைச் சாணியை நிறைய நிரப்பி, மேலே காய்கறிக் கழிவைக் கொட்டி, புழுக்களை விட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று இறுக்கி மூடிவைத்தேன். விடிந்து பார்த்தால் பாதி மூடியின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன, மீதி உள்ளே வெந்து கிடந்தன. வெந்து என்பது மிகையில்லை. பச்சைச் சாணியும் காய்கறியும் குவியலாகச் சேர்ந்து மட்கும்போது நுண்ணுயிர்களின் உழைப்பில் சூடு பிறக்கிறது. பெரிய உரக்குவியலின் நடுவில் 60 டிகிரியைத் தொடும். புழுவுக்கு 35 டிகிரியே ஆபத்தின் வாசல். அதோடு சாணியிலிருந்து கிளம்பும் அம்மோனியா வேறு. பதினைந்து இருபது நாள் நிழலில் கிடந்து ஆறிய சாணிதான் புழுவுக்கு ஆகும்.

புத்தகங்கள் இதையெல்லாம் விதிகளாகத் தருகின்றன: இதைப் போடு, அதைப் போடாதே, இத்தனை தண்ணீர், இத்தனை நிழல். விதிகள் எனக்கு நிற்பதில்லை. நினைவில் நின்றது ஒரே ஓர் உண்மை. மண்புழுவுக்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை; அது தோலால் மூச்சு விடுகிறது. அந்தத் தோல் எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் அந்த ஈரப் படலத்தில் கரைந்து, பிறகு தோலடி நுண்குழாய்களில் ஓடும் இரத்தத்தில் சேர்கிறது. நம்மைப் போலவே சிவப்பு இரத்தம்தான். மற்ற விதிகள் எல்லாம் இந்தத் தோலில் இருந்து தானாக வந்துவிடுகின்றன.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் காய்ந்தால் புழுவுக்கு மூச்சு நின்றுவிடும். அதனால் படுக்கை எப்போதும் நனைந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கினால்? புழு நீரில் மூழ்கிச் சாகும் என்று நினைக்கிறோம். ஆக்சிஜன் நிறைந்த தெளிந்த நீரில் அது நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதைக் கொல்வது தொட்டியின் அடியில் தேங்கி அழுகும் நீர். அங்கே பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் இன்னொரு கூட்டம் வந்து புளிப்பும் முட்டை நாற்றமும் கிளப்புகிறது. எனவே அடியில் துளை வேண்டும். துளை அடைக்காமல் இருக்கத் தேங்காய் மட்டையை ஒரு வரிசை கவிழ்த்து அடுக்கினால் போதும். ஈரம் சரிதானா என்று பார்க்கக் கருவி வேண்டாம்: ஒரு கை அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் அதிகம், ஒன்றும் வராவிட்டால் குறைவு.

இங்கே நம் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. ஆனியில் தொடங்கி ஆவணி வரை கம்பம் கணவாயில் இறங்கும் காற்று, ஆண்டிப்பட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே, அதே காற்று, தொட்டிமேல் போட்ட ஈரச் சாக்கை ஒரு மணி நேரத்தில் அப்பளமாக்கிவிடும். வெயிலுக்குப் பயந்து நிழலில் வைப்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். சுவர் மறைப்பில், வடக்கு அல்லது கிழக்குப் பக்கம் வைத்து, சாக்கை இரட்டையாக மடித்துப் போட்டுக் காலை மாலை நனைத்தால் தாங்கும். ஐப்பசியில் நிலைமை தலைகீழ். அப்போது மேலே ஒரு தகரமோ ஓடோ வேண்டும். இல்லாவிட்டால் அடைமழையில் ராத்திரியோடு ராத்திரியாகப் புழுக்கள் சுவர் ஏறிப் போய்விடும்.

அடுத்தது உப்பு. மாவடுவில் கல்லுப்பு போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் ஊறி, மாவடு சுருங்கிக் கிடக்கும். புழுவின் தோலுக்கும் அதுதான் நடக்கும். ஊறுகாய், கருவாட்டுத் தலை, மிச்ச ரசம், அப்பளம் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. தென்னைநார்க் கழிவையும் நன்றாக அலசிவிட்டே போட வேண்டும். அலசாத கழிவில் உப்பு இருக்கும். புளிச்சக்கை, எலுமிச்சைத் தோல் இரண்டும் அமிலம். கொஞ்சம் போனால் தெரியாது, தினமும் ஒரு குத்து போனால் தெரியும். முட்டை ஓட்டை வெயிலில் காயவைத்து நுணுக்கித் தூவினால் அமிலம் தணியும். அரைவைப்பைக்கும் பொடி கிடைக்கும். எண்ணெய் தோய்ந்தது தோலில் ஒட்டி மூச்சை அடைக்கும். காரம் வேண்டாம்.

மீனைப் பற்றி வைகை அணையில் பேசாமல் இருக்க முடியாது. அணை பார்க்க வருகிறவர்களில் சரிபாதிப்பேர் பொரித்த மீனுக்காகத்தான் வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். அந்த முள்ளையும் தலையையும் தொட்டியில் போட்டால் மூன்றாம் நாள் ஈப்புழுவும், நான்காம் நாள் பூனையும், ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நிற்பார்கள். புரதம் அதிகம், அழுகினால் அம்மோனியா. மீன் கழிவுக்கு நம் விவசாயிகள் கண்டுகொண்ட வழியே மேல்: சம எடை நாட்டு வெல்லம் சேர்த்து மூடிவைத்து, மூன்று வாரத்தில் மீன் அமிலமாக எடுத்து, தண்ணீரில் கலந்து செடிக்குத் தெளிப்பது. பொரிக்காத, மசாலா தடவாத மீனுக்கு மட்டும் இது.

அப்படியானால் என்னதான் போடலாம் என்று கேட்டால், தேனிப் பக்கத்துச் சமையலறைக் குப்பையில் பெரும்பகுதி போடலாம். வாழைப்பூ மடல், தண்டின் நார், பழத்தோல், கீரைத் தண்டு, பீர்க்கங்காய்த் தோல், பட்டாணித் தொலி, தர்பூசணியின் பச்சை, அலசிய தேயிலைத்தூள். வாழையைப் புழுக்கள் விரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் வாழைக்குப் பஞ்சமும் இல்லை.

ஆனால் இவை மட்டும் போதாது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான தொட்டிகள் நாறிப்போகின்றன. நுண்ணுயிர்களுக்கு எரிபொருள் கரிமம், உடம்பு கட்டத் தழைச்சத்து. தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு இருந்தால் அவற்றுக்குச் சௌகரியம். சமையலறைக் கழிவில் ஏறக்குறைய 15 பங்குதான் கரிமம் இருக்கிறது. மிஞ்சுகிற தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. மூக்குக்கும் நஷ்டம், செடிக்கும் நஷ்டம். தென்னைநார்க் கழிவில் கரிமம் நூறு பங்குக்கு மேல். காய்ந்த வாழைச் சருகிலும் கரிமமே அதிகம். ஒரு கை பச்சைக் குப்பை போட்டால் ஒரு கை காய்ந்ததைப் போட்டு மூடுவது என்று பழக்கிக்கொண்டால் நாற்றம், பழ ஈ இரண்டும் ஒருசேர அடங்கிவிடும். அச்சடித்த செய்தித்தாளைக் கிழித்துப் போடுகிறவர்களும் உண்டு. சருகு கொட்டிக் கிடக்கும் ஊரில் காகிதம் எதற்கு?

திராட்சையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். திராட்சைக் கொடியில் அடிச்சாம்பல் நோய்க்கு உலகமெங்கும் அடிக்கப்படும் மருந்து போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும். பிரான்சில் 1885இல் அறிமுகமானது; டார்வின் புழுப் புத்தகம் வெளிவந்து நான்கே ஆண்டு. மயில்துத்தத்தில் உள்ள செம்பு மண்ணில் தங்கிக்கொண்டே போகும், செம்பை மண்புழு தாங்காது. நாம் தின்று துப்பிய தோலும் விதையும் சிறிதளவு போனால் பயமில்லை. கவாத்து செய்த கொடியையும் இலையையும் தோட்டத்தில் இருந்து மூட்டையாகக் கொண்டுவந்து தொட்டியில் கொட்ட வேண்டாம்.

எந்தப் புழு என்பதில் இரண்டு கட்சி. தமிழ்நாட்டில் உரத்துக்கு விற்பவற்றில் பரவலானது ஆப்பிரிக்காவில் இருந்து வந்த யூட்ரிலஸ் யூஜீனியே. தடித்து நீண்டது, வேகமாகப் பெருகும். இரண்டாவது ஐசீனியா ஃபெட்டிடா, சிவப்பும் மஞ்சளுமாக வரிவரியாக இருக்கும். உலகமெங்கும் வீட்டுத் தொட்டிகளில் இதுதான். மூன்றாவது நம்மூர்க்காரன், பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். எருக்குழி ஓரத்தில் சாணியைப் புரட்டினால் துள்ளிக்கொண்டு ஓடுமே, நீலம் மின்னும் மெல்லிய புழு, அது. சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்தது இதைத்தான்: நம் மண்ணில் நமக்கென்று புழுக்கள் இருக்கும்போது கடல் தாண்டி வந்தவை எதற்கு? பெரியோனிக்ஸையும், தமிழக வயல்களில் குழி தோண்டி வாழும் லம்பிட்டோ மாரிட்டியையும் சேர்த்து வளர்க்கும் முறையை அவர் ஊர் ஊராகச் சென்று சொல்லிக் கொடுத்தார். புழுக்கள் வாழும் படுக்கை வழியே நீரைச் சொட்டவிட்டு எடுக்கும் மண்புழுக் குளியல்நீரைப் பரப்பியதிலும் அவர் பங்கு பெரியது.

நான் அவர் கட்சி. அதற்கு ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. நமக்கு மேலே மேகமலை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த பொன்டோஸ்கோலெக்ஸ் என்ற புழு, செடிகளின் வேரோடு வேராக வந்து, மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் இன்று பரவிக் கிடக்கிறது. தெரியாமல் வந்தது அது. தெரிந்தே நாம் கொண்டுபோய்க் காட்டோரத்தில் கொட்ட வேண்டுமா? எந்தப் புழுவை வளர்த்தாலும் அது தொட்டியோடு இருக்கட்டும்.

தென்னந்தோப்பில் விட்டால் நிலம் வளமாகும் என்று கிலோ கணக்கில் வாங்கிப் போய் விடுகிறவர்களுக்கும் ஒரு சொல். தொட்டிப் புழுக்கள் சருகுக்கும் சாணிக்கும் இடையில் மேற்பரப்பில் வாழ்கிறவை. மண்ணைக் குடைந்து இறங்கத் தெரியாதவை. வெயிலில் வெறும் மண்ணில் விட்டால் அன்று மாலைக்குள் எறும்புக்குத் தீனி. தோப்பில் மூடாக்கு போட்டு ஈரம் காத்தால் அடியில் உறங்கும் உள்ளூர்ப் புழு தானாக மேலே வரும். அதற்குக் காசும் கிடையாது.

எறும்பு என்றதும் நினைவு வருகிறது. தொட்டியை நான்கு செங்கல்மேல் வைத்து, செங்கல்லைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் தட்டு வைப்பது பழைய வித்தை, எறும்பு வராது. பெருச்சாளிக்குக் கம்பிவலை. கோழிக்கு நம் கவனம் ஒன்றுதான்.

எவ்வளவு புழு வேண்டும்? நல்ல நிலையில் ஐசீனியா ஒரு நாளில் தன் எடையில் பாதி வரை தின்னும் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. நால்வர் உள்ள வீட்டில் தினமும் அரைக்கிலோ காய்கறிக் கழிவு என்றால் ஒரு கிலோ புழு, அதாவது ஆயிரத்துக்கும் மேல். முதல் நாளே அவ்வளவும் வாங்க அவசரம் இல்லை. கால் கிலோவில் தொடங்கிக் கொஞ்சமாகப் போடுங்கள். ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணும் ஒன்றாய் அமைந்த உடம்பு. ஆனாலும் இரண்டு சேர்ந்தால்தான் இனம் பெருகும். முதிர்ந்த புழுவின் கழுத்துப் பக்கம் பட்டை போட்டதுபோல் தெரியும் தடிப்பு, முட்டைக் கூட்டைச் சுரக்கும் இடம். எலுமிச்சை வடிவில் கேழ்வரகைவிடச் சற்றே பெரிய மஞ்சள் கூடு. மூன்று வார அளவில் இரண்டு மூன்று குஞ்சுகள் வெள்ளை நூல்போல் வெளிவரும். பெருகிப் பெருகி வீடெல்லாம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தீனியும் இடமும் குறைந்தால் அவை முட்டையிடுவதையும் குறைத்துக்கொள்ளும். மண்வெட்டியால் இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று நாம் சின்ன வயதில் கேட்டது பொய். தலைப்பக்கம் சில சமயம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளும், வால்பக்கம் செத்துவிடும்.

உரம் எடுப்பதற்கும் அந்தத் தோலே உதவுகிறது. கண் இல்லாவிட்டாலும் தோலில் உள்ள செல்கள் வெளிச்சத்தை உணரும். வெளிச்சம் அதற்கு எரிச்சல். முற்றிய உரத்தைக் காலை வெளிச்சத்தில் சாக்கின்மேல் கூம்பாகக் குவித்தால், புழுக்கள் உள்ளே உள்ளே இறங்கிவிடும். மேலே வழித்தெடுத்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி வழிக்கலாம். கடைசியில் அடியில் புழுக்களின் ஓர் உருண்டை மிஞ்சும். அது அடுத்த தொட்டிக்கு.

இப்போது கொஞ்சம் கசப்பான கணக்கு. மண்புழு உரத்தில் தழைச்சத்து அரை முதல் ஒன்றரை சதவீதம் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். யூரியாவில் 46 சதவீதம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள தழைச்சத்தை, உயர்தர மண்புழு உரத்தில் ஈடுகட்ட 1,400 கிலோ அளவுக்கு வேண்டும். ஆகவே "யூரியாவுக்குப் பதில் இது" என்று மூட்டைமேல் எழுதி விற்பவர்களை நான் நம்புவதில்லை. இதன் பெருமை சத்துக் கணக்கில் இல்லை. நீரைப் பிடித்துவைக்கிறது, வேருக்குக் காற்று விடுகிறது, நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து குடியேற்றுகிறது. இன்னொன்று, புழுவின் எச்சத் துகள் மழைத்துளி விழுந்தால் உடனே கரைந்து சேறாவதில்லை. புழுவின் சளியும் நுண்ணுயிர்ப் பசையும் அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன.

இந்தக் கடைசிக் குணத்தின் விலை அணைக்கரையில் நின்றால் தெரியும். காமராசர் முதல்வராக இருந்தபோது 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. அந்த 71 அடியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வண்டல் என்பதுதான் இப்போது பாசன விவசாயிகளின் கேள்வி. வருசநாட்டு மலையில் இருந்தும் பள்ளத்தாக்கின் கொல்லைகளில் இருந்தும் கட்டுத் தளர்ந்த மேல்மண் ஒவ்வொரு மழையிலும் இறங்கி வந்து அணையில் படிகிறது. என் வீட்டு அரைக்கிலோ குப்பையால் அது நின்றுவிடாது. அப்படிச் சொன்னால் நானும் அந்த மூட்டைக்காரர்களில் ஒருவனாகிவிடுவேன். ஆனால் அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், சின்னமனூர்ப் பக்கத்து வாழைத்தோட்டத்தில் இருந்தும், உத்தமபாளையத்துக் காய்கறிக் கொல்லையில் இருந்தும் வந்தது. மண்ணில் இருந்து வந்தது தூய்மைப் பணியாளரின் வண்டியில் ஏறி, பிளாஸ்டிக்கோடு கலந்து, மேட்டில் புதைந்து, காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைப்போல் 28 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும் வாயு. மட்கும் குப்பையை வீட்டிலேயே தனியாகப் பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் சொன்னதற்கு இது ஒரு காரணம். பிரித்த பிறகு நாமே மட்க வைத்துவிட்டால் வண்டிக்கும் பாரம் குறையும். நாற்றமடிக்கும் வாளியில் கைவிட்டுப் பொறுக்குகிற பணியாளருக்கும் ஒரு வாளி குறையும். எனக்கு இந்த இரண்டாவது காரணம் பெரிதாகப் படுகிறது.

தொடங்குவதற்கு நல்ல மாதம் புரட்டாசி. காற்று அடங்கியிருக்கும், வெயில் தணிந்திருக்கும், பெருமழைக்கு முன் புழுக்கள் இடத்தைப் பழகிக்கொள்ள நாள் இருக்கும். தக்காளிப் பெட்டி ஒன்று, சணல் சாக்கு இரண்டு, தேங்காய் மட்டை, சருகு, ஆறிய சாணி, செலவு இவ்வளவுதான். புழுக்களை விட்ட முதல் வாரம் குப்பை எதுவும் போடாமல் சாணியிலேயே இருக்கவிடுங்கள். சந்தேகம் வந்தால் வைகை அணையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, போய்க் கேட்கலாம். புழுவைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு பழைய பாத்திரத்தைக் கொண்டுபோய் இரண்டு கை கேளுங்கள். எங்கள் தெருவில் இருந்தால், பெரியம்மாவிடம் கேளுங்கள். இப்போது அவரிடம் மூன்று தொட்டி இருக்கிறது.